அக்கா படித்த தமிழ்ப் பாடமும் நான் போட்ட சிறுபாலமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பி.எஸ்சி., பி.காம். படிக்கிற பிள்ளைகளுக்கு எதற்கு இத்தனை செமஸ்டர் தமிழும் ஆங்கிலமும், அந்த நேரத்தில் கோடிங் சொல்லிக்கொடுத்தால் படிப்பு முடிந்த கையோடு வேலைக்குப் போவார்களே என்று கேட்டிருந்தார். தன் பையன் டிகிரி முடித்து இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறான் என்று கடைசி வரியில் சொல்லியிருந்தார், அதைப் படித்தபோது எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் கேட்கிறபடி செய்தால் முதல் நஷ்டம் அவர் பையன் மாதிரிப் பிள்ளைகளுக்குத்தான் என்று உறுதியாக நம்புகிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, இடம் கொடுங்கள்.

நான் சிவில் இன்ஜினியர். 1982-ல் பிளஸ் டூ, 1986-ல் பி.இ., அதற்கப்புறம் முப்பத்தைந்து வருடம் ரோடு, சிறுபாலம், வடிகால் என்றே ஓடியது. என் அக்கா பழைய பி.யு.சி.யின் (கல்லூரிப் பட்டத்துக்குமுன் படிக்கிற ஒரு வருடப் படிப்பு) கடைசி வருடத்தில் படித்தவள், 1978-ல் மதுரையில் ஒரு அரசு மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல் சேர்ந்தாள். அப்பா ஒரு ஹோட்டலில் சரக்கு மாஸ்டர். எங்கள் வீட்டில் அதற்குமுன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அக்காவை 'வெறும் டிகிரி'க்கு அனுப்பிவிட்டு, கடன் வாங்கி என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தார்கள். இரண்டு பேரில் நல்ல படிப்பு எனக்குத்தான் கிடைத்தது என்று வீட்டில் எல்லாரும் நினைத்தோம், நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1992-ல் சிவகங்கைப் பக்கம் ஒரு சாலையை அகலப்படுத்தும் வேலை. ஒரு இடத்தில் சாலை ஒரு பள்ளத்தைத் தாண்டுகிறது, அங்கே சிறுபாலம் வேண்டும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறைப்படி, மழைநீர் எவ்வளவு பரப்பிலிருந்து அந்த இடத்துக்கு வந்து சேரும் என்று வரைபடத்தில் அளந்து, அதை ரைவ்ஸ் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். எவ்வளவு வெள்ளம் வரும் என்று கணிக்கத் தென்னிந்தியப் பகுதிக்கென்றே பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்த சூத்திரம் அது, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பரப்பு முப்பது ஹெக்டேருக்கு மேல் வரவில்லை. 900 மில்லிமீட்டர் ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்) இரண்டு வரிசை போதும் என்று கணக்கு சொன்னது. கணக்கில் தப்பே இல்லை, மேலே இருந்தவர்களும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

குழாய் இறக்குகிற அன்று ஒரு பெரியவர் வந்து நின்று பார்த்தார். அந்த ஊர்க் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி அவர், மடை திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. "தம்பி, இதுல மேலக் கண்மாய் மறுகால் வரும். வந்தா ஆள் மட்டத்துக்கு வரும். இந்த ரெண்டு குழாய் பத்தாதே" என்றார். கண்மாய் நிரம்பி வழிகிற தண்ணீரைத்தான் மறுகால் என்பார்கள். நான், "கணக்குப் போட்டுத்தான் வச்சிருக்கோம் ஐயா" என்று சொல்லிவிட்டு மேஸ்திரியிடம் திரும்பிக்கொண்டேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்தது. மேலே இருந்த கண்மாய் ஏழெட்டு வருடத்துக்கு அப்புறம் நிரம்பி, கலுங்கு (உபரி நீர் வழிகிற கல் கட்டு) வழியாக மறுகால் பாய்ந்தது. இத்தனை வருடம் தண்ணீர் வராததால் அந்த மறுகால் ஓடையை உழுது விதைத்து வைத்திருந்தார்கள், அதனால் நேரில் பார்த்தபோதும் எனக்கு அது ஓடையாகத் தெரியவில்லை. தண்ணீருக்கு அதெல்லாம் கணக்கில்லை, பழைய வழியிலேயே வந்தது, வந்து என் ரோட்டில் முட்டி நின்றது. தூர் கட்டிக்கொண்டிருந்த நெல் ஒன்பது நாள் தண்ணீருக்குள் கிடந்தது. கடைசியில் ரோட்டை வெட்டிவிட்டுத்தான் வடித்தோம். வடிந்த அன்று நான் அந்த வரப்பில் நின்றேன். அழுகல் வாடை மூக்கைத் துளைத்தது. ஒரு அம்மா குனிந்து ஒரு தூரைப் பிடித்து இழுத்தார், பிடிப்பே இல்லாமல் வேரோடு சேறாகக் கையில் வந்தது. அதை அப்படியே என் கையில் வைத்து, "நீங்க படிச்சவுகதானே தம்பி, யாருகிட்டயும் ஒரு வார்த்தை கேக்க மாட்டீகளா?" என்றார். அவர் கோபப்படவில்லை, உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

கார்த்திகைக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது இதைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள், "ஏன்டா, கண்மாய் ஒத்தையாவா இருக்கும்? ஒண்ணு நெறஞ்சு ஒண்ணுக்குப் போறதுதானே" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் குடும்பத்துக்குக் காணி நிலம் கிடையாது, அவளும் என்னைப்போல் டவுனில் வளர்ந்தவள்தான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். தமிழ்ப் பாடம் என்றாள்.

அவர்கள் கல்லூரியில் முதலாம் பகுதி தமிழில் புறநானூற்றுப் பாட்டு ஒன்று இருந்திருக்கிறது, 18-ம் பாட்டு. குடபுலவியனார் என்ற புலவர் பாண்டியன் நெடுஞ்செழியனிடம், சோறு என்பது நிலமும் நீரும் சேர்ந்தது, அதனால் நிலம் எங்கே குழிந்திருக்கிறதோ அங்கே நீரைத் தேக்கி வை, அப்படிச் செய்த அரசன் பெயர்தான் நிற்கும் என்று சொல்கிற பாட்டு. அந்தத் தமிழ் அம்மா பாட்டுக்கு உரை எழுதிப்போட்டுவிட்டு விடவில்லை. ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை டவுன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு கண்மாய்க் கரையில் உட்காரவைத்து மூன்று கேள்வி கேட்டிருக்கிறார்: இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நிரம்பினால் எங்கே போகும், எந்த மடையை முதலில் திறப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள். முதல் இரண்டுக்கும் கண்ணால் பார்த்தே பதில் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது கேள்விக்குத்தான், கிராமத்திலிருந்து வந்த இரண்டு பிள்ளைகள் வாய் திறந்து, தலைமடை வயல் யாருடையது, கடைமடை வயல் யாருடையது, இரவில் மடை காக்கிற வேலை யார் தலையில் விழும் என்று சொல்லச் சொல்ல, மற்ற பிள்ளைகள் வாயடைத்துப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். பதின்மூன்று பதினான்கு வருடம் கழித்தும் அக்காவுக்கு அந்த ஒரு சனிக்கிழமை அப்படியே மனசில் இருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பாட்டுப் படித்தால் பைப் அளவு தெரிந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. சூத்திரம் வேண்டும், கணக்கு வேண்டும், அதைப் பிழையில்லாமல் போடத் தெரிய வேண்டும். ஆனால் என் கணக்குக்கு வெளியே ஒரு ஊர் இருக்கிறது, அந்த ஊருக்கு ஒரு நினைவு இருக்கிறது, துண்டு போட்ட ஒரு பெரியவர் வந்து சொல்வதும் ஒரு தகவல்தான், ரைவ்ஸ் சூத்திரத்தில் போடுகிற பரப்பளவைப்போல அதுவும் ஒரு எண்தான் என்று நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன, பெரும்பாலானவை ஒன்றோடொன்று கோத்தவை. இந்த மண்ணில் சிவில் இன்ஜினியராகப் பட்டம் வாங்கிய எனக்கு இது தெரியாது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் பராந்தகச் சோழன் காலத்திலேயே ஏரி வாரியம் என்று ஒரு குழு இருந்தது தெரியாது. குடவோலை முறை மட்டும் தெரியும், அது பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க் கேள்வி. ஆங்கிலேய இன்ஜினியர் ஆர்தர் காட்டன் 1830-களில் கொள்ளிடத்தில் மேலணை கட்டுவதற்குமுன் கல்லணையைப் பார்த்து, அடி காணாத மணலில் எப்படி அஸ்திவாரம் நிற்கிறது என்று பழைய ஆட்களின் வேலையிலிருந்து கற்றுக்கொண்டார். அவர் வேறு நாட்டிலிருந்து வந்தவர், இங்கே கற்க ஏதோ இருக்கிறது என்ற எண்ணமாவது அவருக்கு இருந்தது. எனக்கு அந்த எண்ணம்கூட வரவில்லை.

லிபரல் எஜுகேஷன் என்று இங்கிலீஷில் சொல்வதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சிலர் தாராளக் கல்வி என்கிறார்கள், அது ஏதோ தாராளமயம் மாதிரி ஒலிக்கிறது. நான் பரந்த படிப்பு என்று சொல்லிக்கொள்கிறேன். லத்தீனில் 'லிபர்' என்றால் சுதந்திரமானவன் என்று அர்த்தம். அடிமையாக இல்லாத மனிதன் படிக்க வேண்டியவை என்று அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஏழு கலைகளை வைத்திருந்தார்கள்: இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல். கணக்கும் வானியலும் அதில் இருப்பதைப் பாருங்கள். ஆர்ட்ஸ் ஒரு பக்கம், சயின்ஸ் ஒரு பக்கம் என்று பிரித்தது அப்புறம் வந்த ஏற்பாடு. அடிமைக்கு இந்த ஏழும் கிடையாது, அவனுக்குக் கைவேலை மட்டும். வேலை செய்யக் கற்றுக்கொள்வது ஒரு கூட்டம், எதற்காக அந்த வேலை, யாருக்காக, எப்படிச் செய்யலாம் என்று தீர்மானிக்கக் கற்றுக்கொள்வது இன்னொரு கூட்டம்.

இந்தப் பிரிவினை நமக்குப் புதிதா என்ன? நம் ஊரில் யார் படிக்கலாம், யார் படிக்கக்கூடாது என்று நூற்றாண்டுக் கணக்கில் வைத்திருந்தோம். 1953-ல் ராஜாஜி அரசாங்கம் கிராமத்துப் பள்ளிகளில் அரை நாள் பாடம், மீதி நேரம் அப்பன் செய்கிற தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று பெயர் வைத்து மாநிலமே எதிர்த்தது, 1954-ல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அந்தப் போராட்டத்தை இன்றைக்கும் பெருமையாகப் பேசுகிறோம். சரி, இன்றைக்கு ஒரு கொத்தனார் மகளிடம், சலவைத் தொழிலாளி மகனிடம், உனக்கு எதற்குப் பாட்டும் வரலாறும், கம்பெனிக்கு வேண்டியதை மட்டும் கற்றுக்கொண்டு போ என்று நாம் சொன்னால் அதற்கு என்ன பெயர்? அப்பன் தொழிலுக்குப் பதிலாகக் கம்பெனி தொழில் வந்திருக்கிறது, இது உனக்கு வேண்டாம் என்று அவனுக்காக வேறு யாரோ முடிவு செய்வது மாறவில்லை.

வசதியான வீடுகளில் யாரும் இந்தத் தப்பைச் செய்வதில்லை. ஹரியானாவில் சோனிப்பத்தில் 2014-ல் அசோகா பல்கலைக்கழகம் வந்தது, சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீசிட்டியில் 2018-ல் கிரியா வந்தது. கணினி அறிவியல் படிக்கிற பிள்ளை தத்துவமும் படிக்கலாம், பொருளாதாரம் படிக்கிற பிள்ளை நாடகமும் படிக்கலாம் என்பதுதான் அங்கே விற்கிற சரக்கு. வருடத்துக்குப் பல லட்சம் கட்டிப் பெற்றோர்கள் சேர்க்கிறார்கள். நல்ல இடங்கள்தான், உதவித்தொகையும் தருகிறார்கள், நான் குறை சொல்ல வரவில்லை. நான் கேட்பது இதுதான். பல லட்சம் கொடுத்து வாங்குகிற பொருள் ஒன்று, கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைக்கிற அரசு கலைக் கல்லூரியில் மட்டும் எப்படி வெட்டிச் சுமை ஆகும்?

இத்தனைக்கும் அந்தப் பொருள் நம் கல்லூரிகளில் ஏற்கெனவே இருக்கிறது. பி.ஏ., பி.எஸ்சி. பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். முதலாம் பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதியில் மேஜரும் அலைடும், நான்காம் பகுதியில் வேறு துறையிலிருந்து ஒரு விருப்பப்பாடம், சூழலியல், அப்புறம் ஐந்தாம் பகுதியில் நாட்டு நலப்பணி, என்.சி.சி., விளையாட்டு. இயற்பியல் படிக்கிறவன் சிலப்பதிகாரம் படிக்கிறான், வரலாறு படிக்கிறவள் தாவரவியல் துறைக்குப் போய் ஒரு பாடம் எடுக்கிறாள், விடுமுறையில் ஏழு நாள் ஒரு கிராமத்தில் முகாம் போடுகிறார்கள். இந்த ஐந்து பகுதியும் சேர்ந்ததுதான் பரந்த படிப்பு. புதிதாக எதையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை, இருப்பதை ஒழுங்காக நடத்தினாலே போதும்.

வேலைக்கு இது உதவாது என்று சொல்கிறவர்களுக்கு இரண்டு செய்தி. எம்.ஐ.டி. என்றால் நம் பிள்ளைகளுக்குக் கனவு (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் இருப்பது). அங்கே இளநிலைப் பட்டம் வாங்க வேண்டுமானால், கம்ப்யூட்டர் படித்தாலும் சரி, ராக்கெட் படித்தாலும் சரி, இலக்கியம், வரலாறு, பொருளாதாரம், இசை என்ற வகையில் எட்டுப் பாடம் கட்டாயம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், நாம் என்ன மாதிரி ஆட்களை உருவாக்குகிறோம் என்று தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்டு ஒரு குழு போட்டார்கள், அதற்குத் தலைவர் வாரன் லூயிஸ் என்ற வேதிப் பொறியாளர். 1949-ல் அந்த அறிக்கை வந்தது, அதைத் தொடர்ந்து அடுத்த வருடமே இலக்கியம், வரலாறு போன்ற மானுடக் கல்விக்கும் சமூக அறிவியலுக்கும் என்று எம்.ஐ.டி.க்குள்ளேயே தனிப் புலம் தொடங்கினார்கள். அணுகுண்டைப் பார்த்த தலைமுறை அது, கணக்கு மட்டும் தெரிந்தால் போதாது என்று அவர்களுக்கு நன்றாக உறைத்திருக்க வேண்டும்.

அதே சமயத்தில் இங்கேயும் அந்தக் கேள்வி எழுந்தது. சுதந்திரம் வந்த அடுத்த வருடம் ராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக்கழகக் கல்விக் குழு அமைத்தார்கள். நம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் அதில் உறுப்பினர், ஜாகிர் உசேன், மேகநாத் சாகா எல்லாம் இருந்தார்கள். எந்தத் துறை படித்தாலும் பொதுக்கல்வி என்று ஒன்று எல்லா மாணவருக்கும் வேண்டும் என்று அந்தக் குழு வலியுறுத்திச் சொன்னது. அதில் ஆர்தர் மார்கன் என்று ஒரு அமெரிக்கரும் உறுப்பினர். அவர் யார் தெரியுமா? வெள்ளத் தடுப்பு இன்ஜினியர். 1913-ல் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் நகரம் வெள்ளத்தில் மூழ்கிய பிறகு அங்கே தடுப்பணைத் திட்டம் வகுத்தவர், பிறகு டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்துக்கு முதல் தலைவர், இடையில் ஒரு கல்லூரிக்குத் தலைவராக இருந்து படிப்பையும் வேலை அனுபவத்தையும் சேர்த்து நடத்தியவர். தண்ணீரை அளந்தே வாழ்ந்த மனிதர், பரந்த படிப்பு வேண்டும் என்று சொன்ன குழுவில் உட்கார்ந்திருந்தார் என்பதை நான் ஓய்வுபெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன், அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ராமானுஜனைச் சொல்லி மடக்குகிற நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். கும்பகோணம் அரசு கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றதில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார், சென்னையில் பச்சையப்பனில் சேர்ந்தும் எஃப்.ஏ. (பட்டப்படிப்புக்குமுன் எழுதுகிற அந்தக் காலத் தேர்வு) தேற முடியவில்லை, எல்லாரும் எல்லாம் படிக்க வேண்டும் என்ற உங்கள் கொள்கைதானே ஒரு மேதையை வீதியில் நிறுத்தியது என்பார். நியாயமான கேள்வி, அதை நான் தள்ளிவிடவில்லை. ராமானுஜனை நிறுத்தியது தேர்வு. ஆங்கிலத்தில் இத்தனை மார்க் எடுக்காவிட்டால் வெளியே போ என்ற கதவு. பரந்த படிப்பை ஆளை வடிகட்டுகிற சல்லடையாக வைத்தால் அது கொடுமைதான், இன்றைக்கும் ஒரு மொழிப்பாடத்தில் அரியர் விழுந்ததால் டிகிரி வாங்காமல் நிற்கிற பிள்ளைகள் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள். அதற்கு மருந்து தேர்வு முறையை மாற்றுவது. அக்காவின் தமிழ் அம்மா அந்தக் கண்மாய்க் கரையில் யாருக்கும் மார்க் போடவில்லை.

வேலை கிடைக்காத பையனின் அப்பாவுக்கு நான் நேராகவே பதில் சொல்ல வேண்டும். ஐயா, உங்கள் பையனுக்குக் கோடிங் கற்றுக்கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் அரசு கல்லூரிகளிலும் அந்த மாதிரிப் பயிற்சிகள் நடக்கின்றன, நடக்கட்டும், நல்லது. ஆனால் நான் பி.இ. முடித்தபோது படித்த சாஃப்ட்வேர் எதுவும் இன்று இல்லை, டிராஃப்டர் வைத்து வரைந்தோம், அந்த டிராஃப்டரும் பரணில் கிடக்கிறது. இன்றைக்குக் கற்கிற கோடிங்கை எந்திரமே எழுதுகிற காலமும் வந்துகொண்டிருக்கிறது. எதிரில் இருக்கிறவர் சொல்வதைக் கேட்டு, அதில் எது சரி எது தப்பு என்று பிரித்து, நாலு பேருக்குப் புரிகிற மாதிரி எழுதத் தெரிந்தவனுக்கு எந்தக் காலத்திலும் ஒரு இடம் இருக்கிறது. அக்கா தாவரவியல் படித்தாள், பள்ளி ஆசிரியை ஆனாள், தலைமையாசிரியை ஆனாள், ஓய்வுக்குப் பிறகு இன்றும் தெருவில் யாருக்குப் பட்டா பிரச்சினை என்றாலும் மனு எழுத அவளிடம்தான் வருகிறார்கள். 'வெறும் டிகிரி'யில் என்ன இருந்தது என்று அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இதெல்லாம் இருக்கிறது என்றால் அப்புறம் ஏன் பிள்ளைகள் வெறுமனே வெளியே வருகிறார்கள் என்று கேட்பீர்கள். அக்காவின் பேத்தி இந்த வருடம் பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்துவிட்டு வரலாறுதான் படிப்பேன் என்று நின்றாள். வீட்டில் ஒரு வாரம் சண்டை. கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள், நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு அரசு கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அவள் சொல்வதைக் கேட்கிறேன். மூன்று வகுப்புப் பிள்ளைகளை ஒரே ஹாலில் உட்காரவைத்துத் தமிழ் நடக்கிறது, பின் வரிசைக்குக் காதில் விழுவதில்லை. எடுக்கிறவர் கௌரவ விரிவுரையாளர், பிஎச்.டி. முடித்தவர், சொற்பத் தொகுப்பூதியம், அதுவும் பதினொரு மாதத்துக்கு. அவர் எந்தத் தைரியத்தில் சனிக்கிழமை பிள்ளைகளைக் கண்மாய்க்கு அழைத்துப்போவார்? வேறு துறை விருப்பப்பாடம் என்பது பெயரளவுக்குத்தான், இவர்கள் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை, இருபது பக்க ஜெராக்ஸ் ஒன்று வகுப்பில் சுற்றுகிறது, அதைப் படித்தால் பாஸ். நூலகர் பணியிடம் காலி, சாவி அலுவலகத்தில், மதியம் ஒரு மணி நேரம் திறந்தால் உண்டு. இதைத்தான் 'பயனில்லாத பாடம்' என்று வாசகர்கள் நினைக்கிறார்கள். ஆளும் இல்லாமல் நேரமும் இல்லாமல் நடத்தினால் கணக்குப் பாடமும் இப்படித்தான் ஆகும்.

இன்ஜினியரிங் பக்கமும் ஒரு வார்த்தை. அண்ணா பல்கலைக்கழகம் 2021 பாடத்திட்டத்தில் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று இரண்டு பாடம் சேர்த்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரெடிட். எனக்கு மெத்த மகிழ்ச்சி. இரண்டாவது பாடத்தில் சோழர் காலக் குமிழித் தூம்பு வருகிறது, ஏரிக்குள்ளே கட்டி, தண்ணீரோடு வண்டலையும் சேர்த்து வெளியேற்றுகிற மதகு. என் நண்பர் மகன் சிவில் படிக்கிறான், அவனிடம் கேட்டேன். தூம்பின் பயன்கள் ஐந்து என்று மளமளவென்று சொன்னான். எங்கேயாவது பார்த்திருக்கிறாயா என்றால் இல்லை. அவன் கல்லூரியின் பின்மதிலை ஒட்டியே ஒரு ஏரி இருக்கிறது, அதன் மதகு எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியவில்லை. பாடம் சேர்த்தாகிவிட்டது, இனி அதை வகுப்பறைக்கு வெளியே கூட்டிக்கொண்டு போக ஒரு வழி செய்ய வேண்டும்.

புதிய தேசியக் கல்விக் கொள்கை 64 கலை என்கிறது, மாநிலம் அதை ஏற்க மாட்டோம் என்கிறது, அந்த அரசியலுக்குள் நான் போகவில்லை. டெல்லியானாலும் சென்னையானாலும் நான் கேட்பது சின்ன விஷயம்தான். தமிழ், ஆங்கில நேரத்தைக் குறைக்காதீர்கள். அவற்றை எடுக்க நிரந்தர ஆசிரியர்களைப் போடுங்கள். விருப்பப்பாடத்தைப் பிள்ளைகளின் விருப்பத்துக்கு விடுங்கள். காலியாக இருக்கிற நூலகர் இடங்களை நிரப்பி, மாலை ஐந்து மணிவரையாவது கதவைத் திறந்து வையுங்கள்.

போன மாதம் அக்காவின் பேத்தி தன் வகுப்புத் தோழிகள் இரண்டு பேரோடு வந்து, அந்தப் பாலத்தைக் காட்டச் சொன்னாள். கூட்டிக்கொண்டு போனேன். குழாயை எடுத்துவிட்டு இப்போது மூன்று கண் வைத்த பெட்டிப் பாலம் இருக்கிறது, வெள்ளத்துக்கு அடுத்த வருடமே கட்டியது. நீர்பாய்ச்சிப் பெரியவர் இறந்து வெகுநாள் ஆகிறது, அவர் மகன் இருந்தார். பிள்ளைகள் மூன்று பேரும் மறுகால் ஓடை வழியே இரண்டு கிலோமீட்டர் நடந்து மேலக் கண்மாய்க் கலுங்குவரை போய், வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதினார்கள். அதில் ஒரு பிள்ளை இயற்பியல் மாணவி. இதற்கு மார்க் உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் கல்லூரி முதல்வருக்கு நான் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். எந்தத் துறைப் பிள்ளைகளானாலும் சரி, சனி ஞாயிறுகளில் கண்மாய் பார்க்க வந்தால் கூட நடக்க நானும், பேச அக்காவும் தயார் என்று. எங்களைப்போல் ஓய்வுபெற்ற வாத்தியார்கள், இன்ஜினியர்கள், நர்சுகள், தாசில்தார்கள் உங்கள் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பார்கள். அவரவர் ஊர் அரசு கல்லூரிக்கு ஒரு கடிதம் போடுங்கள் என்று இந்தப் பகுதி வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். போன வாரம் எழுதிய அந்த வாசகரின் பையனுக்கு விருப்பம் இருந்தால் அவரும் வரட்டும், பஸ் ஸ்டாண்டிலிருந்து நானே அழைத்துப்போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிவில் இன்ஜினியர் ஒருவர்,
சிவகங்கை மாவட்டம்.